விட்டுப்போன வரி

வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தபோது நான் செய்த ஒரு வெட்டு இன்னும் உறுத்துகிறது.

போரிலிருந்து வீடு திரும்பும் வீரர்களைப் பற்றிய புகழ்பெற்ற பாடல்களை வைத்து அரைமணி நேர நிகழ்ச்சி. ஓட்டிப் பார்த்தால் ஒன்றரை நிமிடம் கூடுதல். 1943இல் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி பாடிய 'ஐ'ல் பி ஹோம் ஃபார் கிறிஸ்மஸ்' பாட்டின் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒலியைத் தேய்த்து அணைத்துவிட்டேன். பண்டிகைக்கு வந்துவிடுவேன் என்று வீரன் சொல்லியாகிவிட்டது, அது போதும் என்று தோன்றியது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர் முன்னாள் ராணுவ வீரர். எல்லோருக்கும் அண்ணன். ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, முடிக்கிற வரியைக் காணோமே?"

"நேரம் இல்லண்ணே."

"கனவுலயாவது வந்துடறேன்னு சொல்றான்ல? அதுக்குத்தான் அந்தப் பாட்டே."

என் வர்ணனையைக் குறைத்து, வரியைத் திரும்பச் சேர்த்தேன். பிறகு மற்ற பாடல்களையும் முதலிலிருந்து கேட்டேன். எல்லாமே காத்திருந்தவர்களின் பாட்டு. வீரர்கள் வரும்வரை வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும் என்று 1914இல் எழுதிய லீனா கில்பர்ட் ஃபோர்ட், முதல் உலகப் போர் முடியும் முன்பே, 1918 மார்ச்சில் லண்டனில் விழுந்த குண்டுக்குத் தன் வீட்டிலேயே மகனோடு பலியானார்.

'வென் ஜானி கம்ஸ் மார்ச்சிங் ஹோம்' பாட்டை வெற்றி முழக்கம் என்றே எழுதி வைத்திருந்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், பேண்ட் மாஸ்டர் பாட்ரிக் கில்மோர் வேறு பெயரில் வெளியிட்டது. போர் முடிந்ததோ 1865இல். ஜானி வரும்போது ஊர் திரளும், கோயில் மணி ஒலிக்கும்: அத்தனையும் இனி நடக்கப்போவது. அண்ணன் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டார். மெட்டு மைனர் ஸ்கேல், மேற்கத்திய இசையில் சோகம் தொனிக்கும் சுரவரிசை. மெதுவாகக் கேட்டால் ஒப்பாரிதான். அதே மெட்டில் பாடப்படும் அயர்லாந்துப் பாட்டில் ஜானி திரும்பியே வந்துவிடுகிறான், கால்கள் இல்லாமல். பாட்டைப் பாடுகிற பெண்ணுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தோம். நடுவில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அந்த நிகழ்ச்சியில் நான் செய்த நல்ல காரியம் அதுதான்.

ஒலிபரப்பு முடிந்ததும் கேட்டேன்: "நீங்க திரும்பி வந்த அன்னைக்கு எப்படிண்ணே இருந்துச்சு?"

வயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ராத்திரி ரெண்டு மணி. கதவைத் தட்டினேன். அம்மா லைட்டைப் போட்டு, என் மூஞ்சியப் பாத்து, யாரு வேணும்னு கேட்டாங்க."