காக்கிராவில் கரும்புக்குப் பட்டம் இல்லை

உகாண்டாவின் ஜிஞ்சா நகருக்குக் கிழக்கே, விக்டோரியா ஏரியை ஒட்டியிருக்கும் காக்கிரா சர்க்கரை ஆலையில் ஆய்வக வேலைக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில், உடன் பணியாற்றிய உகாண்டா நண்பரிடம் அரவைப் பருவம் எப்போது தொடங்கும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. ஆலைதான் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று புகைபோக்கியைக் காட்டினார்.

தமிழ்நாட்டில் ஒரு கூட்டுறவு ஆலையில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன் நான். அங்கே கொதிகலனுக்கு இளஞ்சூடு ஏற்றும் விழா நடந்தால் ஆண்டு பிறந்தது என்று பொருள். கடைசி வண்டிக் கரும்பை அரைத்து முடித்தால் ஆண்டு முடிந்தது. முன்பட்டம், நடுப்பட்டம், பின்பட்டம் என்று நடவுக்குக் கணக்கு உண்டு, பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் வெட்டு உத்தரவு வந்துவிடும். மழை பொய்த்த ஆண்டுகளில் வரத்துக் குறைந்து, இரண்டு மாதத்தில் அரவை முடிந்து, சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றபோதுதான் ஆப்பிரிக்க ஆலைகளுக்குப் போன பழைய சகாக்களின் தொலைபேசி எண்களைத் தேடத் தொடங்கினேன்.

காக்கிரா நிலநடுக்கோட்டிலிருந்து அரை பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் முதல் மே வரை ஒரு மழை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொரு மழை. பெரும்பாலும் வானம் பார்த்த கரும்புதான். கடல் மட்டத்துக்கு மேலே 1,100 மீட்டருக்கும் அதிகமான உயரம் என்பதால் வெயில் நம்மூர்போல் வாட்டுவதில்லை; பயிரும் நிதானமாக வளர்ந்து, வெட்டுக்கு வரப் பதினாறு, பதினெட்டு மாதம் எடுத்துக்கொள்கிறது. நடுவதும் வெட்டுவதும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒரே நாளில் நடக்கும். ஆனால் கரும்பில் சர்க்கரை ஏற வேண்டுமென்றால் குளிரோ வறட்சியோ வந்து அதன் வளர்ச்சியைச் சற்று நிறுத்த வேண்டும். இரண்டும் இங்கே அரைகுறையாகத்தான் வருகின்றன. மழை மாதங்களில் சாற்றின் 'போல்' அளவு, அதாவது அதிலுள்ள சர்க்கரையின் அளவு, குறைந்திருப்பதைப் பார்த்து, நான் மாதிரி எடுத்ததில்தான் பிழை என்று எண்ணி மூன்று முறை திரும்பச் சோதித்திருக்கிறேன்.

நேரக் கணக்கையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கு வாருங்கள், தோட்டத்துக்குப் போகலாம் என்று மேற்பார்வையாளர் ஒருவர் சொன்னதை நம்பிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பிற்பகலில் போய் நின்றேன். அவர் காலை எட்டிலிருந்து காத்திருந்து போய்விட்டிருந்தார். இங்கே நாளின் முதல் மணி காலை ஏழு. எட்டு மணிதான் 'சாவா பிரி', அதாவது இரண்டாம் மணி. ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உதிக்கும் நாட்டில் விடியலிலிருந்து எண்ணுவதுதானே நியாயம்? உதயாதி நாழிகை என்று சாதகத்தில் எழுதிவைத்த ஊரிலிருந்து வந்த எனக்கு இது உறைக்க ஒரு வசவு தேவைப்பட்டது.

ஆலையை 1930 முதல் இருப்பது என்று எல்லோரும் சொல்வார்கள். குஜராத்திலிருந்து 1908-ல் சிறுவனாக வந்து, கடைகளில் வேலை கற்று, வணிகத்தில் வளர்ந்த முல்ஜிபாய் மாத்வானி அந்த ஆண்டில் இதை நிறுவினார். லுகாசியில் நான்ஜி காளிதாஸ் மேத்தா நாட்டின் முதல் சர்க்கரை ஆலையைத் தொடங்கியது அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால். இந்த இரண்டு ஆலைகளின் பலத்தில் உகாண்டா 1968-ல் சுமார் 1,52,000 டன் சர்க்கரை செய்தது. 1972 ஆகஸ்டில் அதிபர் இடி அமீன், நாட்டைவிட்டு வெளியேற ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு விதித்தார். முல்ஜிபாயின் மகன் மனுபாய் மக்கிண்டே சிறையில் அடைக்கப்பட்டுப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். அரசின் கைக்குப் போன ஆலை படிப்படியாகத் தேய்ந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய நின்றே போனது. குடும்பம் 1985-ல் திரும்பி வந்து, கடன் திரட்டி, புதர் மண்டிய தோட்டத்தையும் துருப்பிடித்த இயந்திரங்களையும் மீண்டும் ஓட வைத்தது. 1968-ல் நாடே செய்த அளவைவிட அதிகமாகச் செய்யும் திறன் இன்று இந்த ஒரே ஆலைக்கு இருக்கிறது.

இந்தியர் நிறுவனம், போனார்கள், வந்தார்கள் என்ற கதையாகத்தான் நான் இதை முதலில் கேட்டுக்கொண்டேன். அரவைப் பகுதியில் இருந்த முதிய ஃபிட்டர் ஒருவர் அதை வேறு விதமாகச் சொன்னார். அவருடைய தந்தையும் இங்கேதான் வேலை செய்தவர். முதலாளிகள் இல்லாத ஆண்டுகளில் இவருடைய குடும்பத்தார் எங்கும் போகவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலேயே இருந்துகொண்டு, கரும்புக்கிடையில் மரவள்ளி நட்டுப் பிழைத்தார்கள். சர்க்கரை ஆலைக்கு எதிரிலேயே குடியிருந்தும், 'மகெண்டோ' என்ற கள்ளச்சந்தையில்தான் சர்க்கரை வாங்கினார்களாம். ஆலை 1930 முதல் அறுபடாமல் இருக்கிறது என்றால் அது இவர்களைப் போன்ற குடும்பங்களால்தான் என்பது என் கணிப்பு. பத்திரத்தில் அதற்குச் சான்று இருக்காது.

ஆலையின் சொந்தத் தோட்டம் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர். அதில் வெட்டுக்கூலிகளாக வடமேற்கே வெஸ்ட் நைல் பகுதியிலிருந்து தலைமுறைகளாக வந்துகொண்டிருக்கிறார்கள். மீதிக் கரும்பு சுற்றுவட்டாரத்தின் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளுடையது. உழவு, விதைக்கரணை, உரம் ஆகியவற்றை ஆலை கடனாகத் தந்து, கரும்புப் பணத்தில் கழித்துக்கொள்கிறது. எடைமேடையில் நிற்கும் விவசாயியின் முகத்தைப் பார்த்தால் நம்மூர்தான். ஆனால் காக்கிரா அடங்கிய புசோகா வட்டாரத்தில் இந்தப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் வேறு ஆலைகளும் முளைத்துவிட்டன. 2010-ல் வந்த சர்க்கரைக் கொள்கை ஆலைக்கு ஆலை 25 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்றது. நடைமுறையில் ஒருவர் கடன் கொடுத்து வளர்த்த கரும்பை இன்னொருவர் வாங்கிப்போவதும், விலை ஏறும்போது பச்சைக் கரும்பை வெட்டுவதும், விலை விழும்போது வெட்ட ஆளில்லாமல் வயலில் காய்வதும் நடந்தன. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டு வாசல்வரை கரும்பு நட்டுவிட்டுப் பதினெட்டு மாதம் சோளமாவை விலைக்கு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பதறுகிறது. இந்தத் தொழிலில் சம்பளம் வாங்கிக்கொண்டே இதைச் சொல்கிறேன் என்பதும் தெரியும்.

சக்கையை எரித்து ஐம்பது மெகாவாட்டுக்கும் மேல் மின்சாரம் எடுக்கும் திறன் ஆலைக்கு உண்டு. தன் தேவை போக மீதம் நாட்டு மின்தொகுப்புக்குப் போகிறது. கழிவுப்பாகு எரிசாராயம் ஆகிறது. எனக்கு இவற்றைவிட வியப்பளித்தது கரும்பின் பெயர்தான். கிழக்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களில் நெடுங்காலம் நின்ற கோ 421, கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பிறந்த ரகம். அதையும் கோ 312-ஐயும் கோவையில் ஒட்டுச்சேர்த்த விதைகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பி, அங்கே முளைக்கவைத்துத் தேர்ந்தவையே என்கோ 310, என்கோ 376. பழைய தோட்டக் கணக்குகளைப் பேசுபவர்கள் 'கோ' என்பதை ஏதோ ஆங்கிலக் குறியீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது என் மனைவியின் ஊர்ப்பெயரின் முதலெழுத்து என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் அவ்வளவாக நம்பவில்லை.

வீட்டில் நிலைமை இப்போது பரவாயில்லை. முதல் மாதத்தில் மதோகேயைப் பார்த்து, வாழைக்காயை வேகவைத்து மசித்துவிட்டு இதற்கு ஒரு பெயரா என்று கேட்ட மனைவி, இன்று அதில் கடுகு, மிளகாய் தாளித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறாள். வழியில் எதிர்ப்படுபவர்களுக்கு 'ஜெபலேகோ' என்று என் மகள்தான் முதலில் சொல்கிறாள். செய்த வேலைக்கு நன்றி என்று பொருள். பள்ளிக்குப் போய்வரும் குழந்தைக்கும் பதிலுக்கு அதையே சொல்கிறார்கள்.

விழுப்புரம் பக்கம் இன்னும் ஒரு ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் அப்பா, பேசும்போதெல்லாம், "அரவை முடிஞ்சுதாப்பா, எப்ப வர்றே?" என்று கேட்பார். மூன்று ஆண்டுகளாக விளக்கியும் பயனில்லை. ஏப்ரலில் மழை வலுத்து, வண்டிகள் வயலுக்குள் இறங்க முடியாமல் வரத்துக் குறையும்போது பராமரிப்பு வேலைகள் வரும்; அதை முடித்துக்கொண்டு மே மாதத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் மட்டும், அரவை ஏப்ரலில் முடிகிறது என்று சொல்லிவிட்டேன்.