நித்தியகல்யாணியின் பிறந்த ஊர்

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி, யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருக்கும் நித்தியகல்யாணியைப் பூசைக்குப் பறிக்க என் பாட்டி ஒருநாளும் விட்டதில்லை. மயானக்கரையில் மண்டிக் கிடப்பதால் அதைச் சுடுகாட்டு மல்லி என்றே அவர் சொல்வார். அது நம் ஊர்ச் செடியே அன்று என்பதும், இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் கிடக்கும் மடகாஸ்கர் தீவுதான் அதன் தாய்மண் என்பதும், அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் உலகெங்கும் புற்றுநோய் மருந்துகளாகப் பயன்படுகின்றன என்பதும் நெடுநாள் கழித்தே எனக்குத் தெரியவந்தன. மே மாதத்தில் நம் பள்ளிக்கூட மைதானங்களைச் சிவக்க வைக்கும் செம்மயிற்கொன்றையும், பூங்கா வாசல்களில் விரிந்து நிற்கும் விசிறிவாழையும் அதே தீவிலிருந்து வந்தவை. வாசலிலேயே இத்தனை விருந்தாளிகளை வைத்துக்கொண்டு அவர்களுடைய ஊரைப் பார்க்காமல் இருப்பது முறையன்று என்று தோன்றியதே நான் அங்குப் போனதற்கு முதற்காரணம். போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மடகாஸ்கர் உலகின் நான்காவது பெரிய தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 5,87,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் நான்கரை மடங்கு. வடக்கிலிருந்து தெற்காக சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் இந்த நிலத்தை இரண்டு வாரத்தில் சுற்றிவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் வண்டிக்குள்ளேயே விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்ப நேரும். ஆப்பிரிக்கக் கரைக்கும் இதற்கும் இடையிலுள்ள மொசாம்பிக் கால்வாய் குறுகலான இடத்தில் சுமார் 400 கிலோமீட்டர்தான். ஆயினும் மண்ணின் வரலாற்றில் இத்தீவு ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்த பின்னும் நெடுங்காலம் நம் இந்திய நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா விலகி வடக்கே நகரத் தொடங்க, மடகாஸ்கர் தனித்து நின்றுவிட்டது. அதன் பிறகு அங்கு எது வந்து சேர்ந்ததோ, எது வராமற் போனதோ, அதுதான் இன்றைக்கு நாம் காணும் காட்டை வடிவமைத்திருக்கிறது.

நில அமைப்பைப் புரிந்துகொள்ள மேற்குத் தொடர்ச்சி மலையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். அங்குக் காற்று கிழக்கிலிருந்து ஈரத்தோடு வருகிறது; கிழக்குக் கரையை ஒட்டிய செங்குத்தான மலைச்சரிவு அதைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. ஆகவே கிழக்கே மழைக்காடும், நடுவே குளிர்ந்த மேட்டுநிலமும், மேற்கே இலையுதிர் காடும், தென்கோடியில் ஊசி முட்கள் நிறைந்த வறண்ட புதர்க்காடுமாக நிலம் படிப்படியாக உலர்ந்துகொண்டே போகிறது. தலைநகர் அந்தனனரிவோ சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜூலை இரவுகளில் நன்றாகவே குளிரும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணிக் கம்பளிச் சட்டை எடுத்துப்போகாத தவற்றை நான் செய்தேன், நீங்கள் செய்ய வேண்டாம்.

மக்களைப் பற்றிச் சொல்லும்போது மொழியிலிருந்து தொடங்குவதே சரி. அவர்கள் பேசும் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவுமொழி போர்னியோ தீவின் தென்கிழக்குப் பகுதியில் பேசப்படும் மாஅன்யான். நடுவில் ஒரு பெருங்கடலே கிடக்கிறது. மலேசியாவில் வாழும் தமிழர்களுக்கு இதைச் சொல்வது எளிது: மலாயில் கல்லுக்குப் பத்து என்று பெயர், பத்துமலையின் பெயரில் இருப்பதும் அதுவே, மலகாசியில் அது வாட்டு. வானம் மலாயில் லாங்கிட், இங்கே லானிட்ரா. ஆறு என்ற எண்ணுக்கு அங்கே எனாம், இங்கே எனினா. ஆனால் மாட்டைக் குறிக்கும் ஓம்பி என்ற சொல் ஆப்பிரிக்க பாந்து மொழிகளிலிருந்து வந்தது. கப்பலேறி வந்தவர்களின் மொழியும் கால்நடையோடு வந்தவர்களின் மொழியும் ஒரே வீட்டில் குடியேறியதை இச்சொற்களே காட்டிவிடுகின்றன. தாய்வழி மரபணுக்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 30 பெண்களே இத்தீவின் தொடக்கக் குடியினராக இருந்திருக்கலாம் என்று கணித்தது. இன்று மேட்டுநிலத்து மெரினா, பெட்சிலியோ முதல் மேற்கின் சகலவா, கடலோடிகளான வேசோ, தெற்கின் அன்தன்ட்ராய் வரை பதினெட்டு இனக்குழுக்களாக அவர்களைக் கணக்கிடுவது அந்நாட்டு வழக்கம்.

மெரினா அரசர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தீவின் பெரும்பகுதியைத் தம் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தனர். 1896-இல் பிரான்ஸ் மடகாஸ்கரைத் தன் குடியேற்றமாக்கிக்கொண்டது, மறு ஆண்டே கடைசி அரசி மூன்றாம் ரனவலோனா நாடு கடத்தப்பட்டார். 1947-இல் எழுந்த கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. 1960 ஜூன் 26 அன்று விடுதலை கிடைத்தது. தலைநகரின் குன்றுச்சியில் நிற்கும் அரண்மனை 1995-இல் தீயில் கருகி, பின்னர் மெல்ல மெல்லச் சீரமைக்கப்பட்டது.

தமிழர்களுக்கு அந்நாட்டில் அந்நியம் தோன்றாத இடம் சாப்பாட்டு இலை, அதாவது தட்டு. மூன்று வேளையும் சோறு. உணவு உண்பதையே சோறு உண்ணுதல் என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள். பழைய வழக்கில் ஏறத்தாழ அரைமணி நேரத்தை ஒரு சோறு வேகும் நேரம் என்றே அளந்திருக்கிறார்கள். காலையில் தெருவோரத்தில் குழிக்கல்லில் சுட்டு விற்கும் மூஃபு காசியைப் பார்த்தவுடன் எனக்கு இனிப்புக் குழிப்பணியாரம் நினைவுக்கு வந்தது. அரிசி மாவு, வட்டக் குழி, திருப்பிப்போடும் கம்பி என எல்லாம் அதேதான். எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது ரனுவூலா என்னும் பானம். சோறு வடித்த பானையின் அடியில் பிடித்த காந்தலின்மேல் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, பொன்னிறமாக இறங்கும் அந்த நீரைச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். கொதித்த நீர் என்பதால் பயணிகளின் வயிற்றுக்கும் அது நல்லது. மரவள்ளி இலையை இடித்துப் பன்றி இறைச்சியோடு சமைக்கும் ரவிட்டூட்டு, கீரையும் மாட்டிறைச்சியும் சேர்ந்த ரூமசாவா ஆகியவை அவர்களுடைய பெருமைக்குரிய குழம்புகள். சைவம் உண்பவர்கள் சோறு, பயறு, கீரையை நம்பிப் போகலாம், சற்றுச் சிரமம்தான். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து குடியேறிய, பெரும்பாலும் குஜராத்தி வணிகர்களான இந்திய வம்சாவளியினரைக் கரானா என்று அழைக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த சமோசா இன்று சம்பூசு என்ற பெயரில் எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது.

இந்தச் சோற்றுப் பற்றுதான் காட்டின் கதையையும் திறக்கிறது. பெட்சிலியோ மக்கள் மலைச்சரிவுகளில் படிப்படியாக வெட்டி, தண்ணீரைக் கால்வாயில் இறக்கிச் செய்யும் நெல்வயல்கள் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் கிழக்கே, சமநிலம் கிடைக்காத ஏழை உழவர் காட்டை வெட்டி எரித்து, சாம்பல் உரத்தில் மலைநெல் விதைக்கிறார். சில ஆண்டுகளில் மண் சோர்ந்துபோக அடுத்த துண்டுக்கு நகர்கிறார். தாவி எனப்படும் இம்முறை தலைமுறைகளாக வருவது. அதோடு கரிக்காகவும் மேய்ச்சலுக்காகவும் காடு அழிந்ததால், மேட்டுநிலத்தில் நாள்கணக்கில் பயணம் செய்தாலும் புல் போர்த்த செம்மண் குன்றுகளையே அதிகம் காண்பீர்கள். லவாக்கா என்று அவர்கள் சொல்லும், குன்றின் வயிற்றைக் கிழித்ததுபோன்ற மண்ணரிப்புப் பள்ளங்களும் உடன் வரும். மழைக்குப் பின் பெட்சிபோகா ஆறு செங்கல் நிறத்தில் கடலில் கலக்கிறது. சுற்றுலாக் கையேடுகளின் அட்டைப் பச்சையை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறாமல் இருக்க இதைச் சொல்கிறேன். நமக்குக் காட்டப்படுவது மிச்சக் காடு. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அந்த உழவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

மிச்சமாயினும் அது உலகில் வேறெங்கும் கிடையாதது. அங்குச் சிங்கமோ யானையோ குரங்கோ இல்லை; தாவர இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அத்தீவுக்கே உரியவை. லெமூர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். நம் திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துக் காடுகளில் இரவில் உலாவும் தேவாங்குக்கு அவை தூரத்து உறவினர். தீவு பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின், அவற்றின் மூதாதைகள் ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்துவந்த மரத்திரளில் தொற்றிக்கொண்டு வந்திருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். 2020-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 107 லெமூர் இனங்களில் 103 அழியும் ஆபத்தில் இருந்தன.

தலைநகருக்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள அன்டாசிபே காட்டுக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். இன்று வாழும் லெமூர்களில் மிகப் பெரியதான இன்ட்ரி அங்குதான் பாடும். பாடும் என்று சொல்வது உயர்வு நவிற்சி அன்று. பனிமூட்டத்துக்குள் ஒரு குடும்பம் ஓலமும் இசையும் கலந்த குரலை எடுக்க, பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து இன்னொரு குடும்பம் மறுகுரல் கொடுக்க, ஒலி கிலோமீட்டர்கணக்கில் உருண்டு போகிறது. காட்சிசாலைகளில் இன்ட்ரி உயிர்தரித்ததில்லை. அதைக் காண வேண்டுமானால் அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். கறுப்பும் வெள்ளையுமான அந்த உடலையும் வட்டக் கண்களையும் அண்ணாந்து பார்த்தபடி, கழுத்து வலிக்கும்வரை நின்றிருந்தேன்.

உள்ளூரில் அதற்குப் பபகூட்டு என்று பெயர். மனிதரோடு அதை உறவு பிணைக்கும் கதைகள் பல வழங்குவதால் அதைக் கொல்வது பல ஊர்களில் ஃபாடி. இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளாமல் மடகாஸ்கருக்குப் போகக் கூடாது. மூதாதையர் விதித்த விலக்கு என்று அதைத் தமிழில் சொல்லலாம். அது ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஓரிடத்தில் பன்றிக்கறி விலக்கு, ஓரிடத்தில் குறிப்பிட்ட கிழமையில் வயலில் இறங்குவது விலக்கு. சுட்டுவிரலை நீட்டிக் கல்லறையைக் காட்டுவது பல இடங்களில் ஃபாடி, விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். வனத்துறைச் சட்டம் எட்டாத காட்டில் இன்ட்ரியைக் காப்பாற்றி வைத்தது இந்த விலக்குதான். அதே நம்பிக்கைதான், நீண்டு மெலிந்த நடுவிரலால் மரத்தைத் தட்டிப் புழுவைத் தோண்டியெடுக்கும் ஐ-ஐ என்ற இரவு லெமூரைச் சாவின் தூதன் என்று சொல்லிச் சில ஊர்களில் கண்டவுடன் கொல்ல வைக்கிறது. நம் ஊரில் ஆந்தைக்கு நேர்வது நினைவுக்கு வந்தது.

பச்சோந்தி இனங்களில் ஏறத்தாழப் பாதி இத்தீவில் வாழ்கின்றன. 2021-இல் விவரிக்கப்பட்ட புரூக்கேசியா நானா விரல் நுனியில் அடங்கிவிடும். லபோர்டின் பச்சோந்தியோ முட்டையிலிருந்து வெளிவந்து நான்கைந்து மாதத்தில் வளர்ந்து, இணைந்து, முட்டையிட்டு மடிந்துவிடுகிறது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அந்த இனம் மண்ணுக்குள் முட்டையாக மட்டுமே இருக்கிறது. வேட்டை விலங்குகளில் பெரியது ஃபூசா. சிறுத்தையின் சாயல் கொண்ட அது உண்மையில் கீரிக்கு உறவு. ஓரடி நீளத் தேன்குழல் கொண்ட ஓர் ஆர்க்கிட் மலரைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற நாக்குள்ள அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று டார்வின் 1862-இல் எழுதினார். அந்தப் பூச்சி 1903-இல் விவரிக்கப்பட்டது, அதற்குள் அவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மேற்கே மூருன்டவா நகருக்கு அருகில் மண்பாதையின் இருமருங்கும் நிற்கும், பாவோபாப் எனப்படும் பெருக்கமரங்களை அந்தி வெளிச்சத்தில் எல்லோரும் படமெடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். மன்னாரில் நிற்கும் பெருக்கமரம் ஆப்பிரிக்க வகை; உலகில் உள்ள எட்டு வகைகளில் ஆறு மடகாஸ்கரில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றன. ரெனாலா, காட்டின் தாய், என்று அங்கு அழைக்கப்படும் இம்மரங்களைச் சுற்றியிருந்த காடு போய்விட்டதால்தான் அவை வரிசையாக நிற்பதுபோல் தோன்றுகின்றன.

பயணத்துக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்கள் ஏற்றவை. ஜனவரி முதல் மார்ச் வரை சூறாவளிக் காலம். பச்சோந்திகளை நிறையக் காண மழை தொடங்கும் நவம்பரே நல்லது. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் மொரீஷியஸ், நைரோபி, அடிஸ் அபாபா போன்ற ஊர்கள் வழியாகப் போக வேண்டும். மலேரியாத் தடுப்பு மருந்து குறித்து மருத்துவரைக் கேளுங்கள். தேசியப் பூங்காக்களில் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம், அந்தப் பணத்தில் பேரம் பேசாதீர்கள். 2025 அக்டோபரில், குடிநீரும் மின்சாரமும் கேட்டு இளைஞர்கள் தொடங்கிய போராட்டத்தைத் தொடர்ந்து ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய நாடு அது என்பதால், கிளம்பும் முன் நிலவரத்தை விசாரித்துக்கொள்வது அவசியம். முதற்பயணத்துக்குத் தலைநகரிலிருந்து தென்மேற்கே துலியாரா வரை சுமார் 950 கிலோமீட்டர் ஓடும் ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலையையே பரிந்துரைப்பேன். வழியில் இலக்காக்கா என்ற ஊர் வரும். 1998 வாக்கில் நீலக்கல் கிடைத்ததால் திடீரென்று முளைத்த அந்தச் சந்தையில் இலங்கை வணிகர்களும் கல் வாங்குகிறார்கள்.

அச்சாலையின் தென்கோடியில்தான் மஹஃபாலி மக்களின் கல்லறைகளைப் பார்த்தேன். மேட்டுநிலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் முன்னோரின் உடல்களைக் கல்லறையிலிருந்து எடுத்து, புதுப்பட்டு போர்த்தி, மேளதாளத்தோடு தோளில் சுமந்து ஆடுகிறார்கள். அழைப்பில்லாமல் அந்த ஃபமடிஹானாச் சடங்குக்குப் போகக் கூடாது. எனக்கு அழைப்புக் கிடைக்கவில்லை. தெற்கிலோ செத்தவருக்குச் சதுரமாகக் கல் அடுக்கி, மேலே செதுக்கிய மரத்தூண்களையும் பலியிட்ட மாடுகளின் கொம்புகளையும் நிறுத்துகிறார்கள். சாலையில் நின்றபடி அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கற்குவியலின் ஓரத்தில் வெறும் மணலில் வேர்விட்டு இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது நித்தியகல்யாணி. அது என்ன செடி தெரியுமா என்று வழிகாட்டியைக் கேட்க விரலை நீட்டப்போனவன், நினைவு வந்து மடக்கிக்கொண்டேன்.