பவளம் முட்டை இட்டாள்

பவளம் என்னிடம் வளரும் பியர்டட் டிராகன் என்ற பல்லி. குட்டியாக வந்த நாளிலிருந்து தனியாகத்தான் இருக்கிறாள், தன் இனத்தில் இன்னொன்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் இந்தப் பருவத்தில் இருபதுக்கும் மேல் முட்டை இட்டிருக்கிறாள். முட்டைகளின் படத்தைப் போட்டேன், பார்த்த எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ஆண் இல்லாமல் எப்படி?

சேவல் இல்லாத கூண்டில் கோழி முட்டை இடுகிறதே, அப்படித்தான். முட்டையை உருவாக்குவது தாயின் உடம்பு. அதில் உயிர் பிடிக்கத்தான் பொதுவாக ஆண் வேண்டும். வயதும் எடையும் வந்து, வெளிச்சம், சூடு, நல்ல தீனி மூன்றும் சரியாகக் கிடைத்தால் சினைப்பை தன் வேலையைத் தொடங்கிவிடும். பச்சை இகுவானா, ஏமன் பச்சோந்தி, லெப்பர்ட் கெக்கோ போன்ற பல்லிகள் எல்லாமே இப்படி இடக்கூடியவை. கெக்கோ ஒரு முறைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளும். ஏமன் பச்சோந்தி டஜன் கணக்கில் இட்டுத் தள்ளும்.

"அப்போ குஞ்சு வருமா?" என்று அடுத்த கேள்வி. ஆண் சேராமலே குஞ்சு பொரிக்கும் பல்லிகள் உண்டு. மோர்னிங் கெக்கோ என்ற சின்னப் பல்லி இனத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள், அவை இப்படித்தான் பெருகுகின்றன. 2006-இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிச்சாலையில் ஃப்ளோரா என்ற கொமோடோ டிராகன் (ராட்சதப் பல்லி இனம்) ஆண் துணை இல்லாமல் இட்ட முட்டைகளில் கரு வளர்ந்திருந்தது. பொரிந்த குஞ்சுகள் எல்லாம் ஆண். படிக்கும்போது சிலிர்க்கிறது. ஆனால் பவளம் இட்டவை வெறும் கூமுட்டைகள். டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பு நரம்பு ஒன்றுகூட இல்லை, ஒரே மஞ்சள். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: உங்கள் பல்லி முன்பு எப்போதாவது ஆணோடு இருந்திருந்தால் இந்த முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். பெண் பல்லிகள் விந்தணுவை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும்.

குஞ்சு வருமா என்று கேட்டவர்களில் ஒருவர்கூட அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை. கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் உடம்புக்கு ஒரே செலவு. ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் அவள் ரத்தத்திலிருந்து போகிறது, பற்றாவிட்டால் எலும்பிலிருந்து. விரல்கள் துடிப்பது, உடம்பு நடுங்குவது, தாடை மெத்தென்று ஆவது எல்லாம் கால்சியம் குறைந்ததன் அடையாளங்கள். பூச்சிகளின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுப்பதோடு நல்ல யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கும் வேண்டும். அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. விளக்கு எரிகிறதே என்று இருந்துவிடக் கூடாது. வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி மட்டும் காலப்போக்கில் குறைந்துபோகும்.

முட்டை இடும் முன்பு பவளத்தின் வயிறு இருபக்கமும் புடைத்தது, விலாப்பக்கம் தோலுக்கடியில் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. தீனியைக் குறைத்தாள். அப்புறம் ஓயாத நடை, கண்ணாடியைப் பிறாண்டுவது, மூலை மூலையாகத் தோண்டுவது. அந்தத் தோண்டல்தான் முக்கியம். அவள் கேட்பது மண். சரியான இடம் கிடைக்காத பெண் பல்லி முட்டைகளை உள்ளேயே வைத்துக்கொண்டுவிடும். முட்டை சிக்கிக்கொண்டால் உயிரே போகலாம்.

ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் உரம் கலக்காத மண்ணையும் மணலையும் கலந்து, ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பினேன். ஈரப்பதம் பதமாக இருக்க வேண்டும்: விரலால் துளை போட்டால் இடியாமல் நிற்கணும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உலர்ந்த மணலில் சுரங்கம் சரிந்துவிடும், அவளும் கைவிட்டுவிடுவாள். தொட்டியைச் சுற்றித் துணி போட்டு மறைத்தேன். யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் தோண்டுவதைப் பாதியில் நிறுத்திவிடுவாள் என்பதால் வீட்டில் எல்லோரையும் அந்த அறைப்பக்கம் போகவிடவில்லை. தலை முதல் வால் வரை உள்ளே போய்த் தோண்டி, திரும்பி, இட்டு முடித்தாள். பிறகு மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, மூக்கால் அழுத்தி அழுத்திச் சமன் செய்தாள். அந்தப் பொறுப்பைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது.

வெளியே வந்தவள் வதங்கிப் போயிருந்தாள், இடுப்பெலும்பு தெரிந்தது. தண்ணீர் கொடுத்து, தீனியைக் கூட்டி, சூடான இடத்தில் படுக்கவிட்டேன். முட்டைகளை அன்றே எடுத்துவிட்டேன். பியர்டட் டிராகன் அடைகாக்காது, இட்ட முட்டையைத் தேடவும் தேடாது. கூமுட்டையை விட்டுவைத்தால் சுருங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நாள் கணக்காகத் தோண்டியும் இடாமல் இருந்தால், முக்கிக்கொண்டே இருந்தால், சோர்ந்து கண்ணை மூடிப் படுத்துவிட்டால் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போய்விடுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஊசியா அறுவையா என்று அவர் முடிவு செய்வார். தயவுசெய்து நீங்களே வயிற்றை அமுக்கி வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள், முட்டை உள்ளேயே உடைந்துவிடும்.

ஒரே பருவத்தில் இன்னொரு முறையும் இடலாம் என்பதால் மண்தொட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இதேபோல் இட்டு அவள் இளைத்துக்கொண்டே போனால் சினைப்பையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய அறுவை, அதனால் இப்போதைக்கு அவள் எடையைக் குறித்துக்கொண்டு வருகிறேன்.