திருப்பாவையிலிருந்து பஞ்சரத்தினம் வரை: வானொலி அறிவிப்பாளரின் மார்கழிக் குறிப்புகள்

15 டிசம்பர் 2024, ஞாயிறு

நாளை மார்கழி பிறக்கிறது. திருச்சி வானொலியில் காலை இசை நிகழ்ச்சிக்கு அறிவிப்பு எழுதிப் படிக்கும் பொறுப்பு இம்மாதம் எனக்கு. பாடுபவர், பக்கவாத்தியம், ராகம், தாளம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒலிப்பதிவை ஓடவிட இந்த முறை மனம் ஒப்பவில்லை. கர்நாடக சங்கீதம் தங்களுக்குப் புரியாது என்று சொல்லும் நேயர்களை ஊர் ஊராகச் சந்தித்து வருகிறேன். ராகங்கள் அவர்கள் காதில் ஏற்கெனவே குடியிருக்கின்றன, பெயர்தான் தெரியவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குத் திருப்பாவையே சான்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்து, எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் வீடுதோறும் பரவிய அந்த 30 பாசுரங்களில் முதல் ஐந்தும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் வரிசையில் அமைந்தவை. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளும் இதே ஐந்து ராகங்களில், இதே வரிசையில்தான் வருகின்றன. கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலையில் திருப்பாவை கேட்டு வளர்ந்த ஒருவர், திருவையாற்றில் ஆயிரம் குரல்கள் ஒன்றாகப் பாடுவதை அந்நியமாக உணர வேண்டிய தேவையே இல்லை. தியாகராஜரின் நினைவாக அங்கே நடக்கும் ஆராதனை ஜனவரி 18 அன்று வருகிறது. அதற்குள் இந்த ஐந்து பெயர்களையும் நேயர்களின் நாவில் ஏற்றிவிட வேண்டும்.

16 டிசம்பர், திங்கள்

'மார்கழித் திங்கள்', நாட்டை. கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் மரபுடைய ராகம் என்பதை மட்டும் சொன்னேன். முதல் நாளே அதிகம் பேசுவது முறையன்று.

18 டிசம்பர், புதன்

நேற்றுக் கௌளையின் 'ரி' சுரமான ரிஷபத்தைப் பற்றிச் சொல்ல முற்பட்டபோது, 'ஏகஸ்ருதி ரிஷபம்' என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிட்டேன். சொல் சரிதான், ஆனால் காலையில் சமையற்கட்டில் நிற்பவருக்கு அது பயன்படாது. 'வையத்து வாழ்வீர்காள்' என்று எடுக்கும் இடத்தைத் தனியே ஒலிக்கச் செய்து, உடனே அதே ராகத்தில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனையான 'துடுகு கல'வின் தொடக்கத்தையும் ஒலிக்கச் செய்தேன். காதே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

இன்று ஆரபி இன்னும் இலகுவாக அமைந்தது. ஏறும்போது காந்தாரமும் நிஷாதமும் ('க', 'நி') விலகி நிற்கின்றன, இறங்கும்போது ஏழு சுரங்களும் வந்துவிடுகின்றன என்பதை வீணையில் இருமுறை வாசிக்கச் செய்து ஒலிபரப்பினோம். 'ஓங்கி உலகளந்த' பாசுரத்துக்கு இந்த நிமிர்ந்த ராகத்தை அரியக்குடி தேர்ந்ததில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது! பெரிய அசைவுகள் இல்லாமல் சுரங்கள் நேராக நிற்கும்போது, அடி எடுத்து வைக்கும் திருவிக்கிரமன் கண்முன் தோன்றுகிறான். இதை நிகழ்ச்சியிலும் சொன்னேன். இது என் தனிப்பட்ட கருத்து என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

19 டிசம்பர், வியாழன்

வராளியைக் குரு சீடருக்கு நேரடியாகக் கற்றுக்கொடுத்தால் இருவருக்கும் இடையே மனவேறுபாடு வரும் என்றொரு நம்பிக்கை வித்வான்களிடையே உண்டு. வராளியில் அமைந்த 'கனகன ருசிரா' என்னும் பஞ்சரத்தினக் கீர்த்தனையைப் பலர் கேட்டே கற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். கேள்வி ஞானம் என்று நம் முன்னோர் மதித்த கல்விக்கு வானொலியைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஆழி மழைக் கண்ணா' முடிந்ததும் ஒரு நேயர் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பாட்டைக் கேட்டால் ஏன் நெஞ்சு கனக்கிறது என்று கேட்டார். ராகத்தின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொள்வதாகச் சொல்லி, எழுத்துக்கூட்டச் சொன்னார்.

28 டிசம்பர், சனி

முசிறிக்குச் சென்றிருந்தேன். கோரைப்பாய் நெய்யும் பெண்கள் சிலர் நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்பதாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். கை ஓயாத வேலை. கண்ணும் அதிலேயே இருக்க வேண்டும். காது மட்டும் ஓய்வாக இருக்கிறது. இத்தகைய உழைப்பாளிகளிடம் வானொலி இன்றும் உயிரோடு இருப்பதில் வியப்பில்லை. 'நாட்டைன்னு நீங்க சொன்னதுதானே, எங்க ஊர்க் கோயில்ல தினமும் போடுவாங்களேம்மா' என்றார் அவர்களில் மூத்தவர். அவர் சொன்ன ராகப் பெயர் சரி.

அவர்களுக்காக முசிறி சுப்பிரமணிய ஐயரின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். 1899இல் இதே வட்டாரத்துப் பொம்மலப்பாளையத்தில் பிறந்து, இந்த ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். நிரவலில் ஒரே வரியை எடுத்துக்கொண்டு, சொல்லின் பொருள் கேட்பவர் மனத்தில் இறங்கும்வரை விடாமல் பாடுவார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டத்தைப் பின்னாளில் பெற்ற அவர், 1939இல் அதன் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். திருச்சி வானொலி நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டு மே 16இல்தான். இப்படி ஒருவர் தங்கள் ஊர்க்காரர் என்பதே அங்கிருந்த இளையவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இனி வாரம் ஒரு நாளாவது, கேட்கும் ஊரோடு தொடர்புள்ள கலைஞரின் இசையை ஒலிபரப்ப வேண்டும்: லால்குடிக்கு ஜெயராமனின் வயலின், புதுக்கோட்டைக்குத் தாளவாத்தியமான கஞ்சிராவை உருவாக்கிய மான்பூண்டியா பிள்ளையின் பரம்பரை.

10 ஜனவரி 2025, வெள்ளி

ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பு. பெருமாள் புறப்பாட்டின் நாதஸ்வரத்தைக் கேட்ட நேயர் ஒருவர், 'இது நாட்டை மாதிரி இருக்குங்க, ஆனா ஏதோ குறையுது' என்றார். மிகக் கூர்மையான காது! அது மல்லாரி, சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் வாசிப்பது. ராகம் கம்பீர நாட்டை. நாட்டையில் உள்ள ரிஷபம் அதில் இல்லை.

17 ஜனவரி, வெள்ளி

நாளைய ஆராதனைக்கு முன்னுரையாகப் பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றிப் பேசினேன். தியாகராஜரின் சமாதிக்குத் தம் சொந்தப் பொருளில் கோயில் எழுப்பியவர். அந்த ஆராதனையிலேயே பெண்கள் பாட அனுமதி இல்லாத காலத்தில் அதை எதிர்த்து நின்றவர். நாளை பெண் குரல்கள் நிறைந்து ஒலிக்கும்போது நேயர்கள் அவரை நினைக்க வேண்டும்.

18 ஜனவரி, சனி

திருவையாற்றிலிருந்து நேரடி ஒலிபரப்பு. 'ஜகதானந்தகாரக' தொடங்கி 'எந்தரோ மஹானுபாவுலு' முடியும்வரை ஐந்தையும் வீட்டிலிருந்தே ஒரு நேயரைப்போலக் கேட்டேன். பிற்பகலில் நிலையத்துக்கு வந்தபோது அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. நான்காவதாகப் பாடியது மழைப் பாசுரத்தின் ராகம்தானே என்று முசிறியிலிருந்து கேட்டார்கள். ஐந்தாவது 'மாயனை' பாசுரத்தின் ராகம் என்று துறையூரிலிருந்து ஒரு பள்ளி மாணவி சொன்னாள். ஸ்ரீ ராகம் என்று பெயரையும் தானே சொன்னாள்.

மல்லாரி பற்றிக் கேட்ட நேயரும் அழைத்து, அதை எப்போது ஒலிபரப்புவீர்கள் என்று கேட்டார். அடுத்த வாரம் நாதஸ்வரத்துக்கென்றே ஒதுக்கும்படி நிகழ்ச்சிப் பிரிவில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.