கடைசி ரயிலைத் தவறவிட்ட இரவும் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவும்

டோக்கியோவில் ஷிபுயாவிலிருந்து அசகுசாவுக்கு டாக்சியில் வந்து இறங்கியபோது மீட்டர் ஐயாயிரம் யென்னைத் தாண்டியிருந்தது. நான் தங்கியிருந்த விடுதியில் ஒரு படுக்கைக்கு இரவு வாடகையே மூவாயிரத்து ஐந்நூறுதான். ஓட்டுநர் ஒரு யென்கூட அதிகமாகக் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல் என்பது அங்கே ஊரறிந்த விதி. நள்ளிரவுக்குச் சற்றுப் பின் கடைசி ரயில் போய்விடும் என்று தெரிந்தும் எழுந்துவர மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது என் தவறு.

உட்கார்ந்திருந்த இடம், பத்துப் பேர் மட்டுமே அமரக்கூடிய, சுவர் முழுக்க இசைத்தட்டு அடுக்கிய ஒரு சிறு மதுக்கடை. அமர்ந்ததற்கென்றே தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு கிண்ணம் வேர்க்கடலையை முன்னால் வைத்தார்கள். கேட்காத கடலைக்குக் காசு வாங்குவதை எந்த ஊர் மரியாதையாகவும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கடைக்காரர், யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜப்பானிய மின்னணு இசைக்குழுவின் 1979இல் வந்த 'சாலிட் ஸ்டேட் சர்வைவர்' தட்டை எடுத்து முள்ளை வைத்ததும், இயந்திரக் குரலொன்று 'டோக்கியோ' என்று தொடங்கியதும், கடலைக் கணக்கு மறந்துபோயிற்று. சிவப்புச் சட்டை அணிந்த மூவர் பொம்மைகளோடு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் அந்த அட்டையை, பாட்டு முடியும்வரை எங்கள் முன்னால் நிமிர்த்தி வைத்திருந்தார். அந்தச் சட்டைகளை வடிவமைத்தவர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் யுகிஹிரோ தகஹாஷியே.

இந்தக் குழு பிறந்த கதையில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. 1978 பிப்ரவரியில் பேஸ் கிதார் கலைஞர் ஹருவோமி ஹொசோனோ, தகஹாஷியையும் கீபோர்டு கலைஞர் ரியூச்சி சகமோட்டோவையும் தம் வீட்டுக்கு அழைத்து, கணப்பு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, சோற்றுருண்டையும் மிகான் ஆரஞ்சும் கொடுத்துத் திட்டத்தைச் சொன்னாராம். அமெரிக்கரான மார்ட்டின் டென்னி கீழைநாட்டு வாசனை பூசி வாசித்த 'ஃபயர்கிராக்கர்' மெட்டை சிந்தசைசரில் டிஸ்கோவாக்கி, உலகெங்கும் 40 லட்சம் பிரதிகள் விற்க வேண்டும் என்பதே அந்தத் திட்டம். தங்களைப் பற்றி மேற்கு கண்ட கனவை மேற்குக்கே திருப்பி விற்ற இந்தக் குறும்பு, எனக்கு அவர்களுடைய மின்னணுக் கருவிகளைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. 40 லட்சம் கனவாகவே நின்றாலும், 1980இல் அவர்களுடைய 'கம்ப்யூட்டர் கேம்' பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் வந்தது.

இயந்திர இசை என்றால் பொத்தானை அழுத்திவிட்டுக் கை கட்டி நிற்பது என்று நினைப்பவர்கள், நான்காவது ஆள் என்றே சொல்லப்பட்ட ஹிதேகி மட்சுதாகேயின் வேலையைப் பார்க்க வேண்டும். ரோலண்ட் எம்சி-8 என்ற கருவியில், ஒவ்வொரு சுரத்தின் உயரத்தையும் நீளத்தையும் அவர் எண்களாக விசைப்பலகையில் தட்டி ஏற்றினார். அது வாசிக்கத் தொடங்கிவிட்டால் யாருக்காகவும் காலத்தை நீட்டாது, குறைக்காது. ஆகவே தகஹாஷி காதில் கருவியின் 'டிக்' ஒலியைக் கேட்டுக்கொண்டே டிரம்ஸ் அடித்தார். நம் கச்சேரியில் பாடகர் சற்று இழுத்தால் மிருதங்கம் பார்த்துக்கொள்ளும். இங்கே அனுசரித்துப் போக வேண்டியவர் மனிதர் மட்டுமே.

மறுநாள் குதான்ஷிதா ரயில் நிலையத்தில் இறங்கி நிப்பொன் புதோகானுக்கு நடந்தேன். 1964 ஒலிம்பிக் ஜூடோவுக்காகக் கட்டிய அந்த எண்கோண அரங்கில், 1980 டிசம்பரில், அதே ஆண்டு வெளிவந்த டிஆர்-808 தாள இயந்திரத்தை இவர்கள் மேடையேற்றினார்கள். பின்னாளில் ஹிப்-ஹாப்பே அதன் மேல்தான் நின்றது. 1983 இறுதியில் குழுவைக் கலைத்தபோது 'கலைப்பு' என்று சொல்லாமல், படை பிரிந்து பரவுவதற்கான 'சங்காய்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். நான் போன அன்று உள்ளே வேறு நிகழ்ச்சி; சுற்றிவந்து கூரையைப் பார்த்ததோடு சரி.

பசி அங்கிருந்து ஜிம்போச்சோவுக்கு இழுத்துச் சென்றது. பழைய புத்தகக் கடைகளுக்கும் ஜப்பானியக் குழம்புச் சோற்றுக் கடைகளுக்கும் பேர்போன பகுதி. முதலில் தோலோடு வெந்த இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு துண்டு வெண்ணெயும் வந்தன. அடுத்து, இனிப்பில் தொடங்கி மெல்லக் காரத்துக்கு ஏறும் கெட்டியான கோழிக் குழம்பு. ஆயிரத்து எழுநூறு யென் என் பயணத்தின் மிக விலையுயர்ந்த மதிய உணவு. ஒரு யென்னுக்கும் வருந்தவில்லை.

அருகிலிருந்த பழைய இசைத்தட்டுக் கடையில் 'சாலிட் ஸ்டேட் சர்வைவர்' ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தது. ஜப்பானில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற தட்டு, மலிவில் வியப்பில்லை. நான் தேடியது வேறு: குழு உருவான அதே 1978இல், ஓவியர் தடனோரி யோகோவோடு இந்தியா போய் நோயில் விழுந்து திரும்பிய ஹொசோனோ வெளியிட்ட 'கொச்சின் மூன்'. சகமோட்டோவும் மட்சுதாகேயும் அதில் வாசித்திருக்கிறார்கள். நம் சினிமாச் சுவரொட்டியை ஒத்த அதன் அட்டையைக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். எந்த ஊர் என்று கேட்டார், சென்னை என்றேன், அவருக்குப் புரியவில்லை. அட்டையைத் திருப்பி, 'மெட்ராஸ் தூதரகத் தலைவரின் மனைவி' என்ற பாட்டின் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"மதொராசு!" என்று அவர் முகம் மலர்ந்தது.

விலை ஒன்பதாயிரத்துக்கு மேல். நேற்றைய டாக்சியும் கடலையும் நினைவுக்கு வந்தன. தலையசைத்து மறுத்தேன், அவர் இரண்டு கைகளாலும் அதை வாங்கி மீண்டும் பெட்டிக்குள் வைத்தார்.