இரண்டு கோடு விழுந்தால் போதுமா?

விதை நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பி.டி. பருத்தி விதையைச் சோதிப்பது என் வேலை. புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உருவாக்கும்படி மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி அது. விதையை நசுக்கிக் கரைசலில் கலந்து ஸ்ட்ரிப்பை (சோதனைப் பட்டையை) நிறுத்தினால் கிரை1ஏசி புரதத்துக்கு ஒரு கோடு, கிரை2ஏபி புரதத்துக்கு இன்னொரு கோடு. இரண்டும் விழுந்தால் விதை பாஸ்.

இந்தியாவுக்கு 2002-ல் கிரை1ஏசி மரபணு மட்டும் கொண்ட போல்கார்டு என்ற பி.டி. பருத்தி வந்தது, 2006-ல் இரண்டும் சேர்ந்த போல்கார்டு-2. ஒரு புரதத்தைத் தாங்கும் புழுவே அபூர்வம், இரண்டையும் தாங்குவது அதைவிட அபூர்வம் என்பதுதான் கணக்கு. ஆனால் புழு எதைக் கடித்தாலும் அதில் இரண்டும் இருந்தால்தானே அந்தக் கணக்கு நிற்கும்!

இங்கே விற்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு விதை. மரபணுக்கள் ஒரு பெற்றோர் வழியாக மட்டும் வந்திருந்தால், இலையில் இரண்டும் இருக்கும், ஆனால் காய்க்குள் விளையும் விதை அடுத்த தலைமுறை, அதில் அவை பிரிந்துவிடும். சராசரியாக 16 விதையில் 9-ல்தான் இரண்டும் இருக்கும், 6-ல் ஏதோ ஒன்று, 1-ல் எதுவுமே இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு தின்பது அந்த விதையைத்தான். ஒரு புரதத்தை மட்டும் சந்தித்துப் பிழைத்துப் பழக அதற்குக் காய்க்குள்ளேயே இடம் கிடைத்துவிடுகிறது. போதாததற்கு, 2010 வாக்கில் குஜராத்தில் அது கிரை1ஏசி-யைத் தாங்குவது தெரிந்துவிட்டது. அப்புறம் இரண்டு மரபணு இருந்தும் பாதுகாப்பு ஒன்றின் தோளில்தான். சில ஆண்டுகளில் அதுவும் சரிந்தது.

தாங்கும் புழுக்கள் சாதாரணப் புழுக்களோடு கலந்து அந்தத் தன்மை பெருகாமலிருக்க, வயலைச் சுற்றிலும் பி.டி. அல்லாத பருத்தி விதைக்கச் சொல்லி 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் தனி விதையும் கொடுத்தார்கள். இரண்டு ஏக்கர்காரர் புழுவுக்கென்று தன் நிலத்தில் ஒரு பங்கை விடுவாரா? பெரும்பாலானோர் விதைக்கவில்லை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தனித்தனியாக அனுமதி பெற்ற மரபணுக்களைச் சேர்த்தாலும் ஐரோப்பிய ஒன்றியம் புதிதாக அனுமதி கேட்கிறது. அமெரிக்க வேளாண் துறை வழக்கமான ஒட்டில் சேர்ந்தவற்றைப் பொதுவாக மறுபடி ஆய்வதில்லை. நம் ஊருக்கு என் எதிர்பார்ப்பு வேறு: இவற்றுக்கு ஒப்புதல் தரும் ஒன்றிய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு, விண்ணப்பத்திலேயே விளைந்த காயின் விதைக் கணக்கைக் கேட்க வேண்டும், இரண்டு மரபணுவும் பிரியாமல் தங்கும், ஒட்டு அல்லாத நேர் ரகங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். களைக்கொல்லி தாங்கும் மரபணுவும் சேர்ந்த விதை அனுமதியில்லாமலே பல மாநிலங்களில் விற்கப்படுகிறது. மரபணுக்களை அடுக்கிய அடுத்த விதை வருமுன் இந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.