ஜேவி பிள்ளைகளுக்கும் மேட்ச் வேண்டும்: ஒரு நியூ ஜெர்சி மல்யுத்த நாட்குறிப்பு

நவம்பர் 24, 2024, ஞாயிறு

மல்யுத்தப் பயிற்சி தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இந்த வருஷம் பெயர் கொடுத்திருப்பவர்கள் நாற்பது பேர். பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் இடம் பதினான்குதான். 106 பவுண்டில் தொடங்கி 285 பவுண்டு வரை, ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒருவர். மீதி இருபத்தாறு பேரும் ஜூனியர் வார்சிட்டி, அதாவது இரண்டாம் நிலை அணி. இங்கே எல்லோரும் சுருக்கமாக ஜேவி என்றுதான் சொல்வார்கள்.

பயிற்சியில் இரண்டு அணிக்கும் வித்தியாசம் கிடையாது. அதே ஓட்டம், அதே வியர்வை, அதே காது வீக்கம். போட்டி என்று வந்தால்தான் விஷயமே மாறுகிறது. இரண்டு பள்ளிகள் மோதும் மாலையில் வார்சிட்டிப் பையனுக்கு எதிராளி ஏறக்குறைய நிச்சயம். ஜேவிப் பையனுக்கு, எதிர்ப் பள்ளியிலும் அதே எடையில் உபரியாக ஒருவன் இருந்தால் மேட்ச் உண்டு. இல்லாவிட்டால் சிங்லெட் என்ற மல்யுத்த உடையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, அப்படியே பஸ் ஏறித் திரும்ப வேண்டியதுதான். என் பையன் போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் பாதி சீசனை அப்படித்தான் ஓட்டினான்.

மேட்டில், அதாவது மல்யுத்த விரிப்பில், இறங்காமல் இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ள முடியாது. பழகிய கூட்டாளியோடு பயிற்சியில் புரளுவது வேறு. முன்பின் தெரியாத ஒருவன் எதிரே நிற்க, நடுவர் விசில் ஊதுவது வேறு. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஜேவிக்கு மட்டும் என்று ஒரு போட்டியை நம் ஜிம்மிலேயே வைக்கலாமா என்று கோச்சிடம் கேட்டேன். நடுவர்களையும் ஜிம்மையும் தான் பார்த்துக்கொள்வதாகவும், மற்ற பள்ளிகளோடு பேசுவது, குழு பிரிப்பது எல்லாம் பெற்றோர் தரப்பில் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். சரி என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

எடைச் சான்று நடக்கும் நேரம் இது. முதலில் சிறுநீரின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். அது 1.025-க்கு மேல் போனால், பிள்ளை தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்ற வைத்திருக்கிறான் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் உடல் கொழுப்பை அளந்து, பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் என்ற எல்லையை வைத்து, இந்தப் பிள்ளை இந்த எடைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று கணக்குப் போடுகிறார்கள். இறங்குவதிலும் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்க அனுமதி இல்லை.

ராத்திரி ஒரு அம்மா போன் செய்தார். திருச்சிப் பக்கம். பையன் இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறான்.

"அக்கா, ரெண்டு நாளா ராத்திரி சோறே தொட மாட்டேங்கிறான். 126-க்கு இறங்கணுமாம். எனக்குப் பயமா இருக்கு."

"அவன் இப்ப எவ்வளவு இருக்கான்மா?"

"131 அக்கா."

"அப்ப 132-ல விளையாடட்டும். ஜேவில எடையைக் குறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. நாளைக்கு நான் கோச்சிடம் சொல்றேன். நீங்க இன்னைக்கு அவனைச் சாப்பிட வைங்க."

வளர்கிற வயசு. முதல் வருஷப் பிள்ளை பட்டினி கிடந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதை எந்தக் கோச்சும் ஊக்குவிக்கக் கூடாது. நான் நடத்தப்போகும் போட்டியில் எடைப் பிரிவே வேண்டாம் என்ற யோசனை எனக்கு வந்தது இந்த போனுக்கு அப்புறம்தான்.

டிசம்பர் 14, சனி

சீசனின் முதல் சனிக்கிழமை. நான்கு பள்ளிகள் ஒரே ஜிம்மில். வார்சிட்டி முடிந்ததும் ஜேவி மேட்ச் பிடிக்கும் காட்சியைக் கிட்ட நின்று பார்த்தேன். நான்கு கோச்சுகளும் மேட் ஓரத்தில் கையில் அட்டையோடு கூடி நிற்கிறார்கள். என்னிடம் 138-ல் இரண்டாம் வருஷப் பையன் ஒருத்தன், உங்களிடம்? என்னிடம் 144-ல்தான் இருக்கிறான், ஆனால் புதுசு. பரவாயில்லை, விடலாம். இப்படியே பத்து நிமிஷத்தில் பதினைந்து மேட்ச் பொருத்திவிட்டார்கள். எடையும் அனுபவமும் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால் முக்கால்வாசி மேட்ச்கள் நன்றாகவே இருந்தன. இந்த முறையைத்தான் பெரிதாக்க வேண்டும் என்று மனதில் பட்டது.

நிற்கும் எதிராளியைக் கீழே வீழ்த்திக் கட்டுப்படுத்துவதுதான் டேக்டவுன். இந்த சீசனிலிருந்து அதற்கு மூன்று புள்ளி. இதுவரை இரண்டாக இருந்தது. இருவரில் ஒருவருடைய உடம்பில் ஏதோ ஒரு பாகம் எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலே ஆட்டம் எல்லைக்குள் என்றும் மாற்றியிருக்கிறார்கள். மேசையில் ஸ்கோர் திருப்பிய பிள்ளைகள் பழக்கத்தில் இரண்டு போட, நடுவர் மூன்று விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் போட்டிக்கு முன் ஸ்கோர் மேசைப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை பயிற்சி கொடுத்தாக வேண்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

விடுமுறையில் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

வழக்கமான நாக் அவுட் அட்டவணை ஜேவிக்குச் சரிப்படாது என்பது என் உறுதியான எண்ணம். எட்டுப் பேர் அட்டவணையில், இரண்டு தோல்வி கண்டவன் வெளியே. நன்றாக ஆடுகிறவனுக்கு மேலும் மேலும் மேட்ச் கிடைக்கிறது. யாருக்கு அனுபவம் அதிகம் தேவையோ அவன் காலை பத்தரைக்கே ஷூவைக் கழற்றிவிடுகிறான். முதல் மேட்சில் நாற்பது விநாடியில் பின் ஆகி (இரண்டு தோளும் மேட்டில் அழுத்தப்பட்டுத் தோற்று), இரண்டாவதிலும் அப்படியே ஆனால், ஒன்றரை நிமிஷ ஆட்டத்துக்காக விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து வந்த பிள்ளை அவன்.

அதனால் நான்கு பேர் குழு. குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும். ஒரு குழுவுக்கு ஆறு மேட்ச், ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நிச்சயம். குழுவை எடைப் பிரிவு வைத்துப் பிரிக்காமல், அன்று காலை தராசில் நிற்கும் உண்மையான எடையை வரிசைப்படுத்தி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நால்வராகப் பிரிப்பது. சிறுவர் போட்டிகளில் இதை மேடிசன் முறை என்பார்கள். குழுவுக்குள் மிகக் குறைந்த எடைக்கும் மிக அதிக எடைக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். யாரும் இதற்காகப் பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

இரண்டு முனையில்தான் இந்த முறையின் அருமை தெரியும். 106 பிரிவில் 92 பவுண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன், தன்னைவிடப் பதினான்கு பவுண்டு அதிகமானவனோடு மோத வேண்டியிருக்கிறது. மேல் முனையில் 215-க்கு அடுத்தது நேரே 285. 220 பவுண்டுக்காரனும் 280 பவுண்டுக்காரனும் ஒரே பிரிவு. புதுசாகச் சேர்ந்த 220 பவுண்டுப் பையனுக்கு அறுபது பவுண்டு கூடுதலான ஒருவன் மேலே விழுவது எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படி ஒரு மேட்சுக்கு அப்புறம் அணியை விட்டே போன ஒரு பையனை எனக்குத் தெரியும்.

120 பேர் வந்தால் முப்பது குழு, 180 மேட்ச். பெரிய ஜிம்மில் மூன்று மேட், பக்கத்துச் சின்ன ஜிம்மில் ஒன்று. ஆக மேட்டுக்கு 45 மேட்ச். வார்சிட்டியில் இரண்டு நிமிஷச் சுற்று மூன்று. ஜேவிக்கு ஒன்றரை நிமிஷமாக வைத்துக்கொண்டால் முழு மேட்ச் நாலரை நிமிஷம். பல மேட்ச்கள் பின்னில் சீக்கிரம் முடியும். ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து ஆறு நிமிஷம் என்று வைத்தால் மேட்டுக்கு நாலரை மணி நேரம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஜனவரி 7, 2025, செவ்வாய்

ஆறு பள்ளிகள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. எங்களையும் சேர்த்து ஏழு. நாள் ஜனவரி 25.

நடுவர் கிடைப்பதுதான் பெரும்பாடு. சனிக்கிழமைகளில் வார்சிட்டிப் போட்டிகளே அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. மேட்டுக்கு ஒருவர் என்று நான்கு பேரைக் கோச் பிடித்துவிட்டார். பழைய மாணவர்களை வைத்து விசில் ஊதச் சொல்லலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜேவி என்பதற்காக அரைகுறை நடுவரை வைத்தால், அந்தப் பிள்ளைகளின் ஆட்டம் முக்கியமில்லை என்று நாமே சொன்னதாகிவிடும். தவிர, கழுத்து திருகும் பிடியை நொடியில் நிறுத்தப் பழகிய கண் வேண்டும்.

அழைப்பில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். வார்சிட்டியில் வழக்கமாக ஆடுகிற யாரையும் அழைத்து வரக் கூடாது. கோப்பை ஆசையில் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அணிக் கோப்பையே வைக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இது எத்தனையாவது வருஷம், இந்த சீசனில் வெற்றி தோல்வி எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறேன்.

பெண்கள் விஷயத்துக்கு இன்று முழு மாலையும் போயிற்று. பெண்களுக்கு மாநிலப் போட்டியை முதலில் நடத்தியது ஹவாய், 1998-ல். நியூ ஜெர்சியில் அது வந்தது 2019-ல்தான். அதற்கப்புறம் பெண்கள் சேருவது கூடிக்கொண்டே வருகிறது. ஆனாலும் பள்ளிக்கு இரண்டு மூன்று பேர் என்பதால், சொந்த அணியில் எடைக்கு ஈடான துணை கிடைப்பதில்லை. ஏழு பள்ளியிலும் விசாரித்ததில் ஐந்து பெண்கள். நால்வர் 114-லிருந்து 124-க்குள். அவர்களுக்குத் தனிக் குழு. ஐந்தாவது பெண் 150. அவளுக்கு ஈடாக யாரும் இல்லை. பையன்கள் குழுவில் ஆட விருப்பமா என்று அவளுடைய கோச் மூலம் கேட்டேன். தாராளமாக, போன வருஷமும் அப்படித்தான் ஆடினேன் என்று பதில் வந்தது.

ஜனவரி 24, வெள்ளி, இரவு

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பள்ளி வர முடியாது என்று சொல்லிவிட்டது. பதினாறு பிள்ளைகள். பஸ் ஏற்பாடு ஆகவில்லையாம். கோபம் வந்தது. அந்தப் பதினாறு பேரும் நாளை வீட்டில்தான் இருப்பார்கள்.

124 பிள்ளைகள் இப்போது 108. குழுக்களைத் திரும்பப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சில இடத்தில் நான்கு சரியாக வரவில்லை. மூன்று பேர் குழு என்றால் ஆளுக்கு இரண்டு மேட்ச்தான். அவர்களுக்குப் பக்கத்துக் குழுவிலிருந்து ஒரு கூடுதல் மேட்ச் பொருத்த வேண்டும். ஐந்து பேர் குழு என்றால் ஆளுக்கு நான்கு. ஒரு நாளைக்கு இத்தனை மேட்ச்தான் என்று விதியில் இருக்கும் வரம்புக்குள் அது அடங்குவதால் பரவாயில்லை. காலை எடை பார்த்ததும் எல்லாம் கொஞ்சம் மாறும். தூங்கப் போகிறேன்.

ஜனவரி 25, சனி

ஆறரைக்கு மேட் விரித்தாயிற்று. சுருளைத் தள்ளி விரித்து, இணைப்புகளில் டேப் ஒட்டி, கிருமிநாசினி போட்டுத் துடைத்து, காய விட்டோம். வார்சிட்டிப் பையன்கள் தாங்களாகவே வந்து செய்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

தராசுக்கு முன் தோல் பரிசோதனை. படர்தாமரை, ஹெர்ப்பிஸ், சீழ்ப் புண் என்று மேட்டில் பரவுகிற வியாதிகள் நிறைய. சந்தேகமாக எது இருந்தாலும் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். ஒரு பையனின் முன்கையில் சிவப்பு வட்டம். படிவம் இல்லை. நடுவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் விடவில்லை. பையன் அழுதுவிட்டான். என் மனசுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவர் செய்தது சரி.

முதல் சுற்றில் எங்கள் அணியின் 94 பவுண்டுப் பையன். இந்த சீசனில் அவன் ஆடிய எல்லா மேட்சும் தன்னைவிடப் பெரியவர்களோடு. எல்லாம் தோல்வி. இன்று அவன் குழுவில் 91, 95, 97. கணுக்காலில் பச்சைப் பட்டையை ஒட்டும்போது கை நடுங்கியது. விசில் ஊதியதும் எதிராளி காலைப் பிடிக்கப் பாய்ந்தான். வழக்கமாக அந்த இடத்தில்தான் இவன் விழுவான். இன்று இடுப்பைப் பின்னால் எறிந்து, மார்பால் அழுத்தி, சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டான். பயிற்சியில் நவம்பரிலிருந்து சொல்லிக்கொடுத்த அதே அசைவு. மூன்று புள்ளி. அந்த மேட்சைக் கடைசியில் 8-7 என்று தோற்றான். ஆனால் முழு நாலரை நிமிஷமும் ஆடினான். அடுத்ததில் ஜெயித்தான். மூன்றாவதில் எதிராளியைப் பின் செய்தான். அவன் அப்பா மேட் ஓரத்தில் போனைப் பிடித்தபடி, வீடியோ எடுக்கவே மறந்து நின்றார்.

150 பவுண்டுப் பெண் இரண்டு ஜெயித்து ஒன்று தோற்றாள். 131 பவுண்டுத் தம்பி ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் மூன்றாவது மேட்சில் கீழே மாட்டிக்கொண்டவன் எழுந்து தப்பித்து ஒரு புள்ளி வாங்கினான். அவன் அம்மா கொண்டுவந்த எலுமிச்சை சாத ட்ரேயைக் கோச்சுகளும் நடுவர்களும் பதினொன்றரைக்கே காலி செய்துவிட்டார்கள்.

சின்ன ஜிம்மில் கடிகாரம் கொஞ்ச நேரம் ஓடவில்லை. மூக்கில் ரத்தம் வந்து நின்ற மேட்ச்கள் சில. ஒரு தோள்பட்டைப் பிசகு, டிரெய்னர் பார்த்து ஐஸ் வைத்தார். இரண்டே காலுக்குக் கடைசி மேட்ச் முடிந்தது. பரிசோதனையில் நின்ற அந்த ஒரு பையனைத் தவிர, வந்த எல்லோருக்கும் மூன்று மேட்ச் கிடைத்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜேவி சீசன் முடிந்தது. இனி மாவட்டம், மண்டலம், மார்ச்சில் அட்லாண்டிக் சிட்டியில் மாநிலப் போட்டி. எல்லாம் வார்சிட்டிக்கு. நம் பிள்ளைகளில் பலர் அவர்களுக்குப் பயிற்சித் துணையாகத் தொடர்ந்து வருகிறார்கள். அந்த 94 பவுண்டுப் பையன், 106-ல் ஆடுகிறவனோடு தினமும் மேட்டில் இருக்கிறான்.

வந்த பள்ளிகளில் இரண்டு, அடுத்த சீசனில் தங்கள் ஜிம்மிலும் இதே மாதிரி ஒரு சனிக்கிழமை வைப்பதாகச் சொல்லியிருக்கின்றன. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் இரண்டு என்று அமைந்தால் ஒவ்வொரு ஜேவிப் பிள்ளைக்கும் ஒன்பது மேட்ச் முன்கூட்டியே உறுதி. நடுவர்களுக்கு ஜூனிலேயே தேதி கொடுத்துவிடலாம் என்கிறார் கோச். குழு பிரிக்கும் கணக்குத் தாளை இரண்டு பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன். அந்தப் பதினாறு பிள்ளைகளின் பள்ளியையும் மறுபடி கூப்பிடுவேன். பஸ் இல்லையென்றால் பெற்றோர் கார்களில் அழைத்து வர அனுமதி வாங்க முடியுமா என்று இப்போதே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மத்திய ஜெர்சியில் பிள்ளைகள் மல்யுத்தம் ஆடும் தமிழ்ப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், உங்கள் பள்ளிக் கோச்சிடம் ஜேவி அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். அதில் எத்தனை மேட்ச் உறுதி என்றும் கேளுங்கள். தேதிகள் முடிவானதும் இங்கே எழுதுகிறேன்.